அடியும் சட்டமும்

மனிதனுடைய உடைமைகளுள் முதன்மையானது அவனுடைய உடலே ஆகும். வீடும் நிலமும் பொருளும் இல்லாதவனுக்கும் உடல் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து, ஒரு பெட்டியும் ஒரு படுக்கையுமாக விடுதி அறையில் குடியேறும் மாணவனுக்கு அதனினும் பெரிய உடைமை வேறில்லை. அவ்வுடலின்மேல் பிறர் கை படாதவாறு காப்பது சட்டத்தின் முதற் கடமையாகும். நம் நாட்டுச் சட்டம் அக்கடமையை எவ்வாறு ஆற்றுகிறது, எவ்விடத்தில் தவறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சட்டம் பயில்பவன் அல்லன், பௌதிகம் பயில்பவன். ஓர் அளவுகோல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று கேட்பது எங்கள் துறையின் வழக்கம். அவ்வழக்கத்தையே சட்டத்தின்பாலும் செலுத்திப் பார்த்தேன். கண்டவற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

1. சட்டம் வந்த வரலாறு

1834-இல் அமைந்த முதலாம் சட்டக் குழுவுக்கு மெக்காலே தலைவராக இருந்தார். அக்குழு 1837-இல் ஒரு குற்றவியல் சட்ட வரைவை அளித்தது. அவ்வரைவு பல்லாண்டுகள் கிடப்பில் இருந்து, 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் என நிறைவேறி, 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 162 ஆண்டுகள் நம்மை ஆண்ட அச்சட்டம் நீங்கி, 2024 சூலை முதல் நாள் அதனிடத்தில் பாரதீய நியாய சன்ஹிதா அமர்ந்தது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அமர்ந்தது. பெயர்கள் மாறின, பிரிவுகளின் எண்கள் மாறின. ஆயின் அடிதடி பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் 1860-இல் இருந்தவாறே இன்றும் இருக்கின்றன. சில இடங்களில் மட்டும் புதுமை காணப்படுகிறது. அப்புதுமை எவ்வளவு பயன் தரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. நான்கு படிகள்

ஆங்கிலேயர் தம் நாட்டுச் சட்டத்தில், அடிக்கப் போவதாக அச்சுறுத்துவதை ஒரு குற்றமாகவும், உடலைத் தீண்டி அடிப்பதை மற்றொரு குற்றமாகவும் பிரித்தனர். முன்னதை ‘அசால்ட்’ என்றும் பின்னதைப் ‘பேட்டரி’ என்றும் வழங்கினர். நம் சட்டத்தில் ‘பேட்டரி’ என்னும் சொல்லே இல்லை. அதற்கு மாறாக, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு படிகள் உள்ளன.

முதற் படி, தாக்க முனைதல். புதிய சட்டத்தின் 130-ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. ஒருவன் முட்டியை மடக்கி ஓங்குகிறான்; அடி விழப் போகிறது என்று எதிரில் நிற்பவன் அஞ்சும்படி செய்கிறான்; அதுவே குற்றம். அடி விழ வேண்டுவதில்லை. கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவதும் அத்தகையதே. ஆனால் வெறும் சொல் மட்டும் தாக்க முனைதல் ஆகாது. சைகையோடு சேர்ந்த சொல்லே அச்சைகைக்குப் பொருள் தருவதாகக் கொள்ளப்படும்.

இரண்டாம் படி, வன்முறை. இதன் விளக்கத்தைப் படிக்கும் பௌதிக மாணவன் வியப்படையாமல் இருக்க முடியாது. ஒருவனுக்கு இயக்கத்தையோ, இயக்க மாற்றத்தையோ, இயக்க நிறுத்தத்தையோ உண்டாக்குவதே அவன்மேல் வலிமையைச் செலுத்துவது என்று சட்டம் கூறுகிறது. நியூட்டன் 1687-இல் விசைக்குத் தந்த இலக்கணத்தை ஒரு சட்ட அறிஞர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது போல் இருக்கிறது! அதற்குரிய எடுத்துக்காட்டுகளும் அத்தன்மையனவே. ஆற்றங்கரையில் கட்டிய படகில் ஒருவன் அமர்ந்திருக்கிறான். மற்றொருவன் கயிற்றை அவிழ்த்துவிட, படகு நீரோட்டத்தில் செல்கிறது. அவிழ்த்தவன் படகில் இருந்தவனைத் தொடவே இல்லை. ஆயினும் அவன்மேல் வலிமையைச் செலுத்தினான் என்பது சட்டம். கல்லெறிதல், கொதிநீரை ஊற்றுதல், நாயை ஏவுதல் ஆகியனவும் இவ்வகையின. இசைவின்றி, தீய நோக்கத்தோடு இவ்வாறு செய்தால் அது குற்றமாகும். முதல் இரண்டு படிகளுக்கும் தண்டனை 131-ஆம் பிரிவின்படி மூன்று மாதச் சிறை வரை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மூன்றாம் படி, காயம். உடல் வலி, நோய், உடல் நலிவு ஆகியவற்றுள் ஒன்றை உண்டாக்குதல் காயம் எனப்படும். குருதி சிந்த வேண்டுவதில்லை; வலி ஒன்றே போதும். 115-ஆம் பிரிவின்படி தண்டனை ஓராண்டுச் சிறை வரை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நான்காம் படி, கொடுங்காயம். 116-ஆம் பிரிவு எட்டு வகைகளை எண்ணிக் கூறுகிறது: ஆண்மையிழப்பு, ஒரு கண்ணின் பார்வை நிலையாகப் போதல், ஒரு காதின் கேள்வி நிலையாகப் போதல், உறுப்போ மூட்டோ இழத்தல், அவற்றின் ஆற்றல் நிலையாகக் குன்றுதல், தலையோ முகமோ நிலையாக உருச்சிதைதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது பிசகுதல், உயிருக்கு இடர் விளைதல் அல்லது 15 நாள் கடும் வலியில் கிடத்தல் அல்லது 15 நாள் அன்றாட அலுவல்களைச் செய்ய இயலாதிருத்தல். பழைய சட்டத்தில் இவ்வெல்லை 20 நாள். தண்டனை ஏழாண்டுச் சிறை வரை, அபராதமும் உண்டு. கொடுங்காயம் விளைந்தால் மட்டும் போதாது. அத்தகைய காயத்தை விளைக்கும் எண்ணமோ, விளையக்கூடும் என்ற அறிவோ அடித்தவனுக்கு இருந்திருக்க வேண்டும் என்பதும் விதி.

3. அளவுகோலின் குறை

இப்பட்டியலை நோக்குங்கள். ஒருவனுடைய முன்பல் உடைகிறது. அது கொடுங்காயப் பட்டியலில் சேர்கிறது. மற்றொருவனை நால்வர் ஒரு மணி நேரம் அடித்து முதுகெல்லாம் கன்றிப் போகச் செய்கிறார்கள், எலும்பு முறியவில்லை, பத்து நாளில் எழுந்து நடமாடுகிறான். அது வெறுங்காயமே. முன்னதற்கு ஏழாண்டு எல்லை. பின்னதற்கு ஓராண்டு எல்லை. இருவருள் பெருந்துன்பம் உற்றவன் யாவன் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. பட்டியலில் இடம் உண்டா என்பதையே கேட்கிறது.

இப்பட்டியல் எழுதப்பட்ட காலத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல். அதற்கு 35 ஆண்டுகள் முன்னரே ‘எலும்பு முறிவு’ என்னும் எல்லைக் கோடு வரையப்பட்டுவிட்டது. அந்நாளில் முறிவு என்பது கையால் தொட்டும் கண்ணால் கண்டும் அறியத்தக்கது. இன்றோ மயிரிழை போன்ற விரிசலையும் படம் காட்டிவிடுகிறது. எலும்பு முற்றிலும் பிளந்திருக்க வேண்டியதில்லை, விரிசலும் முறிவே என்று ஹோரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது. ஆகவே எவர்க்கும் அறியாமல் ஆறிப்போகும் விரிசல் கொடுங்காயம் ஆகலாம்; பல நாள் உறக்கத்தைக் கெடுக்கும் தசைக் கிழிசல் வெறுங்காயம் ஆகலாம். கருவி கூர்மை பெற்றது. அளவுகோலின் கோடுகள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

மனத்தில் விளையும் காயம் மற்றொன்று. ‘நலிவு’ என்ற சொல் மன நலிவையும் அடக்குமா? அச்சத்தால் தற்காலிகமாக மனநிலை குலைதலும் நலிவே என்று 1944-ஆம் ஆண்டின் சிந்து நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கூறியது. அறிவுக்கு இசைந்த தீர்ப்பு அது. ஆனால் சட்டத்தின் சொற்களில் அது இன்றும் ஏறவில்லை. கொடுங்காயத்தின் எட்டு வகைகளுள் மனம் ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தில் 1997-இல் பிரபுக்கள் சபை, மருத்துவர் கண்டறியத்தக்க மனநோயும் உடற்கேடே என்று தீர்ப்பளித்தது. சொற்களாலும் தாக்க முனைதல் கூடும் என்றும் உரைத்தது. 2023-இல் புதுச் சட்டம் இயற்றிய நமக்கு இதனைச் சேர்த்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருந்தது, நழுவவிட்டோம். இதில் நாம் மட்டும் பின்தங்கியவர்கள் எனலாகாது. இங்கிலாந்திலும் காயங்கள் பற்றிய அடிப்படைச் சட்டம் 1861-ஆம் ஆண்டினதே. அதனைத் திருத்தி எழுத வேண்டும் என்று அந்நாட்டுச் சட்ட ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது.

4. காவல் நிலையத்தின் வாயிலில்

இதுவரை கூறியவை சொற்களின் குறைகள். இனிக் கூறப்போவது நடைமுறையின் குறை. மாணவர்களாகிய நம்மை மிகுதியும் தாக்குவது இதுவே.

குற்றங்களைச் சட்டம் இரு வகையாகப் பிரித்துள்ளது. ஒரு வகையில், காவலர் தாமே முதல் தகவல் அறிக்கை பதிந்து புலன் விசாரிக்கலாம். பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். மற்றொரு வகையில், நடுவரின் ஆணையின்றிக் காவலர் விசாரிக்கவே கூடாது. கொடுங்காயம் முதல் வகையைச் சேர்ந்தது. வெறுங்காயமும் தாக்க முனைதலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அடிபட்டவன் காவல் நிலையம் சென்றால், அவன் கூற்றின் சுருக்கத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ‘நடுவரிடம் போ’ என்று அனுப்புவதே அங்குள்ளவர் கடமை. அக்குறிப்புகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய சட்டம் சேர்த்துள்ளது. நன்று, ஆனால் அனுப்பப்படும் குறிப்பு தானாக வழக்காவதில்லை. நடுவரிடம் நேரே முறையிட்டால், குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தன் பக்கத்தைக் கூற வாய்ப்பளித்த பின்னரே வழக்கை ஏற்க வேண்டும் என்று ஒரு படியும் கூடியிருக்கிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. ஒருவன் செல்லும் வழியை மறித்து நிற்பதற்கு உச்சத் தண்டனை ஒரு மாதச் சிறை. அது காவலர் தாமே விசாரிக்கத்தக்க குற்றம். அவனை அடித்துக் காயப்படுத்துவதற்கு உச்சத் தண்டனை ஓராண்டுச் சிறை. அதைக் காவலர் தாமே விசாரிக்கக் கூடாது! வழியை மறித்தால் காவலர் வருவார். மறிக்காமல் கன்னத்தில் அறைந்தால் வரார். இம்முறைக்கு என்ன நியாயம் கூறுவது?

நம் மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்குக் கூறுவது பொருந்தும். வாடகை முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்காக மூவர் அவரைத் தெருவில் மறித்து, அவருடைய மொழியைப் பழித்து, காதோடு சேர்த்து அறைந்தனர். செவிப்பறையில் துளை விழுந்தது. சிறு துளையாயின் சில வாரங்களில் தானே மூடிக்கொள்வது இயல்பு. அவருக்கும் அவ்வாறே மூடியது. கேள்வி நிலையாகப் போகவில்லை. ஆகவே ஏழாண்டுப் பிரிவு இல்லை. பதினைந்து நாள் படுத்திருந்தாரா என்றால் அதுவும் இல்லை. வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத முடியாது என்று ஆறாம் நாளே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் சென்றார். கடமையை மறவாத அந்த உறுதியே அவர் காயத்தைச் சட்டத்தின் கண்ணில் சிறிதாக்கிவிட்டது. காவல் நிலையத்தில் அவர் புகாரை எழுதியவர் அங்கிருந்த எழுத்தர். அது நம்மவர் படிக்க அறியாத எழுத்தில் இருந்தது. வழிமறித்த செய்தி அதில் இடம்பெறவில்லை. அஃது இடம்பெற்றிருந்தால், ஒரு குற்றமேனும் காவலர் விசாரிக்கத்தக்கதாக இருக்க, வழக்கு முழுவதுமே அவ்வாறு விசாரிக்கத்தக்கதாக மாறியிருக்கும். பிறகு நடுவர் மன்றத்துக்குச் செல்ல வக்கீலும் பணமும் சாட்சியும் தேவைப்பட்டன. தேர்வுகள் வந்தன, விடுமுறை வந்தது. ஓராண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றங்களுக்கு ஓராண்டுக்குள் முறையிட வேண்டும் என்பது காலவரையறை விதி. அவ்வோராண்டும் கழிந்தது.

5. மொழியும் பிறப்பிடமும்

2014 சனவரியில் தில்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் கடைத்தெருவில் அடிபட்டு உயிர் நீத்தது நாட்டையே உலுக்கியது. அதன்பின் அமைந்த பெஸ்பருவா குழு, இனத்தையும் பிறப்பிடத்தையும் பழித்துத் தாக்குவோரைத் தண்டிக்கத் தண்டனைச் சட்டத்தில் புதுப் பிரிவுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வாண்டு அவர் இருந்த இடத்தில் எந்த மாநிலத்து மாணவனும் இருந்திருக்கலாம் அன்றோ?

புதிய சட்டத்தின் 117-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இத்திசையில் ஓரடி வைக்கிறது. ஐந்து பேரோ மேற்பட்டோரோ கூடி, இனம், சாதி, பால், பிறப்பிடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்தால் ஒருவனுக்குக் கொடுங்காயம் விளைத்தால், அக்கூட்டத்தின் ஒவ்வொருவனும் குற்றவாளி என்கிறது. நம் சட்டம் அடிதடிக்கு ‘மொழி’யை ஒரு காரணமாக எடுத்துப் பேசுவது வரவேற்கத்தக்கதே.

ஆயினும் உற்று நோக்கினால் மூன்று ஓட்டைகள் தென்படும். ஒன்று, நால்வர் அடித்தால் இப்பிரிவு இல்லை. இரண்டு, வெறுங்காயமாயின் இப்பிரிவு இல்லை. மூன்று, தண்டனை ஏழாண்டு வரை என்கிறது. எக்காரணமும் இன்றி ஒருவன் தனியாக விளைக்கும் கொடுங்காயத்துக்கும் அதே ஏழாண்டுதான். பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கு எல்லோரையும் பொறுப்பாக்கும் விதிகளும் முன்னரே உண்டு. எனவே வெறுப்பினால் அடிப்பது வேறு, பூசலினால் அடிப்பது வேறு என்று சட்டம் சொல்லளவில் ஒப்புக்கொள்கிறதே தவிர, தண்டனை அளவில் ஒப்புக்கொள்ளவில்லை. மேற்கூறிய நண்பரின் செய்தியில் அடித்தவர் மூவர், காயம் சிறிது, மொழிப் பழிப்போ பெரிது. இப்பிரிவு அவருக்கு எவ்வகையிலும் உதவாது.

6. அபராதமும் ஈடும்

1860-இல் காயத்துக்கு விதிக்கப்பட்ட அபராத உச்சம் 1000 ரூபாய். அன்று அது பெருந்தொகை. 2024 வரை அந்த எண் மாறவில்லை. இப்பொழுது 10,000 ஆயிற்று. அபராதம் அரசுக்குச் சேரும். அடிபட்டவனுக்கு ஈடு வழங்குவது நீதிமன்றத்தின் விருப்பம். மருந்துச் செலவும் இழந்த நாள்களும் அடிபட்டவன் தலையிலேயே விடிகின்றன. சமூகப் பணி என்னும் புதுத் தண்டனை ஒன்றும் புகுந்துள்ளது. ஆயின் அது சில குற்றங்களுக்கே உரியது. காயம் அவற்றுள் இல்லை. ஆத்திரத்தில் ஒருமுறை கைநீட்டிய இளைஞனைச் சிறைக்கு அனுப்புவதினும், மருத்துவமனையில் சில வாரம் பணிசெய்ய வைப்பது அவனுக்கும் நாட்டுக்கும் நலம் அன்றோ?

7. ஒரு மறுப்பு

‘சிறு அடிதடி ஒவ்வொன்றையும் காவலர் கையில் ஒப்படைத்தால், தெருச் சண்டை எல்லாம் கைதில் முடியும், பொய்ப் புகார் பெருகும், எளியவரே மிகுதியும் துன்புறுவர்’ என்று சிலர் கூறுவர். இம்மறுப்பு வலிமை உடையது. சிறு குற்றங்களில் காவலரின் கையைக் கட்டிவைத்தது குடிமக்களின் உரிமையைக் காப்பதற்கே என்பதையும் நாம் மறத்தலாகாது. காயப்பட்டவரே விரும்பினால் ராஜி செய்துகொள்ளலாம் என்ற விதியும் அத்தகைய நல்லெண்ணத்தில் தோன்றியதே.

ஆயின் இரு முனைகளுக்கும் இடையே வழி உண்டு. கைது செய்யும் உரிமை வேறு. விசாரிக்கும் கடமை வேறு. கைது இன்றியே விசாரிக்கும் கடமையைக் காவலர்க்கு விதிக்கலாம். பலர் கூடி அடித்தல், மீண்டும் மீண்டும் அடித்தல், பிறப்பிடமோ மொழியோ காரணமாக அடித்தல் ஆகிய மூன்றிலேனும் அவ்வாறு விதிப்பது எவர்க்கும் தீங்கு பயவாது. எட்டு வகைப் பட்டியலுக்கு மாற்றாக, காயத்தின் தன்மை, நீடிக்கும் காலம், வாழ்க்கையில் விளைத்த குறை ஆகியவற்றை மருத்துவர் மதிப்பிடும் முறை ஒன்றும் வகுக்கலாம். அம்மதிப்பீட்டில் மனமும் இடம்பெற வேண்டும்.

8. நாம் செய்யத்தக்கவை

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க இயலாது. இருக்கும் சட்டத்தைக்கொண்டு நாம் செய்யத்தக்கவை சில உண்டு.

அடிபட்ட அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுக. யாரால், எதனால், எவ்வாறு காயம் நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் கூறிப் பதியச் செய்க. காயங்களைப் படம் எடுத்து வைக்க. புகாரைப் பிறர் எழுத விடாமல், நாமே அறிந்த மொழியில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று கேட்க. பிறர் எழுதினால், படித்துக் காட்டச் சொல்லிப் பொருள் விளங்கிய பின்னரே கையொப்பமிடுக. படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டமே. வழிமறித்தது, ஆயுதம் எடுத்தது, மொழியைப் பழித்தது ஆகியவற்றுள் உண்மையாக நடந்தது எதையும் விடாமல் எழுதுக. நடவாததை ஒரு சொல்லும் சேர்க்காதீர். காவலர் விசாரிக்கத்தக்க குற்றமாயின், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் படியை விலையின்றிப் பெறலாம். வெறுங்காயமாயின், ஓராண்டு எல்லையை நாட்குறிப்பில் எழுதி வைக்க. விடுதியில் நிகழ்ந்த பகடிவதையாயின், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி கல்வி நிலையமே நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டது. தற்காப்புக்கு ஓங்கிய கையைத் தடுக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆனால் இடர் நீங்கிய பின் திருப்பி அடிப்பது தற்காப்பு ஆகாது.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். இவ்வூர் மொழியை எழுதப் படிக்க வல்ல மாணவர் இருவர், சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் ஆகியோரை ஒவ்வோர் ஆண்டும் பொறுப்பாக நியமிக்கலாம். நள்ளிரவில் காவல் நிலையம் செல்லும் புதிய மாணவனுக்குத் துணையாக ஒரு குரல் இருந்தால், அவன் புகார் அவன் சொன்னவாறே ஏட்டில் ஏறும். பொங்கல் விழாவுக்கு நாம் செலவிடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

சட்டம் என்பது வல்லவனுக்கு வேண்டாதது, எளியவனுக்கே வேண்டுவது. தன் ஊரில் வல்லவனாக இருப்பவனும் அயலூரில் எளியவனே. ஆதலால் அயலூர் வாழும் நாம் சட்டத்தை அறிதல் வேண்டும். அதன் குறைகளையும் அறிதல் வேண்டும். அறிந்ததை அடுத்த ஆண்டு வரும் இளையவர்க்குச் சொல்லிவைத்தலும் வேண்டும்.